பிக் பென் எட்டு அடித்தபோது

லண்டனில் ஓர் அலுவலக அறை. வெளியே தெருவில் வண்டிகள் ஓடும் இரைச்சல். மேஜைக்கு அந்தப் பக்கம் பழைய மேலதிகாரி. இந்தப் பக்கம், கடலில் அலைக்கழிந்து, மரப்பெட்டிக்குள் பல மணி நேரம் அடைந்து கிடந்து வந்து சேர்ந்திருக்கும் ஓர் ஒற்றன். ஏன் ராஜினாமா செய்தாய் என்று கேட்கிறார்கள். எந்த மிரட்டலுக்கும் மசியாத மனிதன், இவர்கள் நம்மவர்கள் என்ற நிம்மதியில், பதில் சொல்லத் தொடங்குகிறான். ரொம்ப காலமாகவே என்று வாயெடுக்கும்போது, லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தின் பெருமணியான பிக் பென் அடிக்கிறது. எட்டு மணி. அவன் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறான். அதிலும் எட்டு.

பேச்சு அப்படியே நின்றுபோகிறது.

'தி பிரிசனர்' என்ற பிரிட்டிஷ் தொடரில், 1967 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பான இரண்டாவது பகுதியின் உச்சக்கட்டம் இது. பகுதியின் பெயர் 'தி சைம்ஸ் ஆஃப் பிக் பென்'. இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரம் காட்டினால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? முதல்முறை பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. இந்தியா முழுக்க ஒரே மணி பார்த்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அது சட்டென்று உறைக்காது என்று நினைக்கிறேன். அந்த மணிக்கணக்கைத் தொடர்ந்து போனால் இந்தப் பகுதி எவ்வளவு கூர்மையாகச் செதுக்கப்பட்டது என்பது தெரியும். அதோடு, கதை எழுதியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு நிஜமும் கிடைக்கும்.

முதலில் தொடரைப் பற்றிக் கொஞ்சம். நாயகன் பாட்ரிக் மக்கூகன். 1960 முதல் 'டேஞ்சர் மேன்' என்ற ஒற்றர் தொடரில் ஜான் டிரேக்காக நடித்துப் பெரும் புகழ் பெற்றிருந்தவர். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிவதையும் வாரம் ஒரு பெண்ணோடு காதல் காட்சி வைப்பதையும் அந்தத் தொடரிலேயே அவர் ஒதுக்கி வைத்திருந்தார். அதில் சலிப்பு தட்டியபோது, ஐடிசி நிறுவனத் தலைவர் லூ கிரேடிடம் போய்ப் புதுத் தொடர் ஒன்றைச் சொன்னார். ஒற்றன் ஒருவன் கோபத்தோடு வேலையை விடுகிறான். வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டுகிறான். சாவித் துவாரம் வழியாக மயக்க வாயு வருகிறது. கண் விழித்தால் வேறு எங்கோ இருக்கிறான். அந்த இடத்துக்குப் பெயரே கிராமம்தான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவன் ஆறாம் எண். ஆட்சி செய்பவர் இரண்டாம் எண், அவரும் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார். அவனிடமிருந்து அவர்களுக்கு வேண்டியது ஒரே தகவல்: ஏன் வேலையை விட்டாய்? மக்கூகன் மனதில் இருந்தது ஏழே பகுதிகள். வெளிநாட்டு விற்பனைக்கு அது போதாது என்று கிரேட் கூடுதலாகக் கேட்டார். கடைசியில் 17 பகுதிகள் வந்தன.

கிராமமாகத் தெரியும் இடம் வடக்கு வேல்ஸில் இருக்கும் போர்ட்மெய்ரியன். கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆசை ஆசையாகக் கட்டிய ஊர். ஆற்று முகத்துவாரத்தின் ஓரம், இத்தாலிய ஊர் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது போல, வண்ண வண்ண வீடுகள், கோபுரம், குவிமாடம். சிறை என்றால் சாம்பல் நிறமும் முள்வேலியும்தான் நினைவுக்கு வரும். இங்கே சிறைக்குள் வாத்திய இசை, கோடிட்ட குடைகள், சிரித்த முகங்கள். 1967-இல் பார்த்த பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த வண்ணங்கள் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் அதை அங்கே ஒளிபரப்பிய ஐடிவி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது 1969 நவம்பரில்தான்.

வேலையை விட்ட ஒற்றர்களை அடைத்து வைக்கும் சொகுசு இடம் என்ற யோசனைக்கு நிஜத்தில் ஒரு வேர் உண்டு. தொடரின் கதை ஆசிரியர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் இருந்த இன்வர்லேர் லாட்ஜ் என்ற மாளிகையைப் பற்றி அறிந்திருந்தார். அதிகம் தெரிந்துகொண்டுவிட்ட, ஆனால் வேலைக்கு உதவாமல் போன ஒற்றர்களைப் போர் முடியும்வரை வசதியாக வைத்திருந்த இடம் அது. தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. எதிரி கட்டிய சிறை இல்லை அது, சொந்த நாடே கட்டியது. இந்தப் பகுதியின் முடிவுக்கு வரும்போது இதை மறக்காமல் இருக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். எழுதியவர் வின்சென்ட் டில்ஸ்லி. இயக்கியவர் டான் சாஃபி. இரண்டாம் எண்ணாக வருபவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த லியோ மக்கெர்ன். தொடரில் பல பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என் கணக்கில் இவரை மிஞ்ச யாரும் இல்லை. வில்லன் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்து, இவர் கலகலவென்று சிரிக்கிறார், ரசித்துப் பேசுகிறார், தன் கைதியை உண்மையாகவே விரும்புகிறார். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. ஆறாம் எண் தன் அறையில் எழுந்து டிரெஸ்ஸிங் கவுனை மாட்டிக்கொள்வதை இவர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கவுனைப் போடுவதைக்கூட இந்த மனிதனால் எதிர்ப்பாக மாற்ற முடிகிறதே என்று வியக்கிறார். உடைந்துபோன ஆள் எனக்கு வேண்டாம், முழு ஆளாக வேண்டும் என்பது இவருடைய கொள்கை. அடித்து உதைத்து வாங்கும் பதில் இவருக்குப் போதாது. அவனாகவே மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் மீதிக் கதை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். எட்டாம் எண். பெயர் நதியா, எஸ்தோனியாக்காரி என்கிறாள். நடித்தவர் ருமேனியாவில் பிறந்த நதியா கிரே. இவனைப் போலவே அவளும் கண் விழித்து, குழம்பி, கத்தி, தொலைபேசியில் கேள்வி கேட்டு, பதில் கிடைக்காமல் நிற்கிறாள். ஆறாம் எண் முதலில் நம்பவில்லை. இவளும் அவர்கள் ஆளாக இருக்கலாம் என்று ஒதுங்கியே நிற்கிறான். அப்புறம் ஒரு நாள் அவள் கடலில் நீந்தித் தப்பப் பார்க்கிறாள். கிராமத்தைக் காவல் காக்கும் ரோவர் என்ற வெள்ளைப் பந்து (உண்மையில் வானிலை பலூன்) அவளைத் துரத்திக் கரைக்குக் கொண்டுவருகிறது. தரையில் மின்சாரம் பாய்ந்து பாய்ந்து நிற்கும் ஓர் அறையில் அவளை விட்டுச் சோதிக்கிறார்கள். அதை இவனை உட்கார வைத்துக் காட்டுகிறார்கள்.

இவன் இறங்கி வருகிறான். அவளை விட்டுவிடுங்கள், நான் இங்கே கொஞ்சம் ஒத்துப்போகிறேன், உங்கள் கைவினைக் கண்காட்சியில் கலந்துகொள்கிறேன் என்கிறான். இரண்டாம் எண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. வலிக்கு மசியாதவன் இன்னொருவர் வலிக்கு மசிகிறான் என்பதைக் கிராமம் இங்கே தெரிந்துகொள்கிறது. ஒருவனுடைய பலவீனத்தைத் தேடிப் போய் அவனுடைய நல்ல குணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நல்ல குணத்தையே தூண்டிலில் புழுவாக மாட்டுகிறார்கள்.

அடுத்து வரும் கண்காட்சி, தொடர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு ரசமான பத்து நிமிடம். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏதேதோ செய்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஓவியம், சிலை, சதுரங்கக் காய். எதைப் பார்த்தாலும் அதில் இருப்பது இரண்டாம் எண்ணின் முகம். யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை, அவர்களாகவே செய்திருக்கிறார்கள். இதற்கு நடுவே ஆறாம் எண், தானே செய்துகொண்ட கோடரியால் மரத்தை வெட்டி, குடைந்து, மூன்று துண்டுகளாக ஒரு நவீனச் சிற்பம் வைத்திருக்கிறான். நடுவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பொருள் கேட்கிறார்கள். அவனும் முகம் மாறாமல் விளக்கம் சொல்கிறான். பரிசு அவனுக்கே. கிடைத்த பணத்தில், அதாவது அந்த ஊர்ச் செலாவணியான 'வேலை அலகு'களில், ஒரு மூதாட்டி நெய்த திரைச்சீலையை வாங்கிக்கொள்கிறான். இரவானதும் சிற்பம் படகாகிறது. திரைச்சீலை பாய்மரமாகிறது. எல்லோர் கண் முன்னாலும் படகைச் செய்து, அதற்கு அவர்களிடமே பரிசும் வாங்கியிருக்கிறான்.

நடுவில் இரண்டாம் எண்ணுக்கும் இவனுக்கும் ஒரு உரையாடல் வரும். கிராமத்தை நடத்துவது எந்தப் பக்கம் என்று இவன் கேட்கிறான். அது முக்கியமே இல்லை என்கிறார் அவர். இரண்டு பக்கமும் ஒன்றைப் போலவே மற்றொன்று ஆகிக்கொண்டிருக்கிறது, எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருநாள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உணர்வார்கள், அன்றைக்கு இதுதான் உலகத்துக்கே மாதிரி என்கிறார். உலகம் முழுவதும் கிராமமா என்று இவன் கேட்க, அதுதான் என் ஆசை, உன் ஆசை என்ன என்று அவர் திருப்பிக் கேட்கிறார். நிலவில் கால் வைக்கும் முதல் மனிதனாக இருக்க வேண்டும் என்கிறான் இவன். இந்த வரி ஒளிபரப்பானபோது நிலவில் மனிதன் இறங்க இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட மீதம் இல்லை. உலகமே கிராமமானால் ஓடுவதற்கு மிச்சம் இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை.

இனி இடம் பற்றிய பொய். கிராமம் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்கிறாள் நதியா. அதைத் தெரிந்துகொண்டதால்தான் என்னைப் பிடித்துவந்தார்கள் என்றும் சொல்கிறாள். அவள் சொல்லும் விலாசம்: லிதுவேனியா, பால்டிக் கடற்கரை, போலந்து எல்லையிலிருந்து 30 மைல். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். லிதுவேனியாவின் கடற்கரைக்கும் போலந்தின் கடற்கரைக்கும் நடுவே கலினின்கிராட் என்ற ருஷ்யப் பகுதி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியிடமிருந்து சோவியத் எடுத்துக்கொண்ட நிலம் அது. ஆக, லிதுவேனியக் கடற்கரையில் எங்கே நின்றாலும் போலந்து எல்லை 30 மைலில் வராது, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். இது எழுதியவரின் கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் கதைக்குள் நின்று பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. நதியா சொல்வது பொய். பொய்யான விலாசம் வரைபடத்தில் இல்லாமல் இருப்பதுதானே இயல்பு? கைதேர்ந்த ஒற்றன் அதைக் கவனிக்காமல் போனதற்கும் காரணம் புரிகிறது. அதற்குள் அவன் அவளை நம்பத் தொடங்கிவிட்டான்.

இதே பகுதிக்கு முதலில் தொகுக்கப்பட்ட வேறொரு பிரதியும் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. அதில் ஆறாம் எண் பழங்காலக் கருவி ஒன்றைத் தானே செய்து, நட்சத்திரங்களை அளந்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடப் பார்க்கும் காட்சி உண்டு. ஒளிபரப்பான வடிவத்தில் அது இல்லை. நல்ல வெட்டு என்றே சொல்வேன். நட்சத்திரத்தை அளக்கத் தெரிந்தவன் கையில் விடை ஓரளவு கிடைத்திருக்கும். பிறகு லிதுவேனியாக் கதையை அவன் நம்பியிருக்க மாட்டான்.

அப்புறம் பயணம். படகில் தப்பி, துரத்தும் ரோவரைத் தாண்டி, போலந்து என்று சொல்லப்படும் கரையில் ஏறுகிறார்கள். கரையில் காத்திருக்கும் ஆள் ஒருவன் அவர்களைப் பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து அனுப்புகிறான். தன் கடிகாரத்துக்குள் கடல் நீர் புகுந்துவிட்டதால் ஆறாம் எண் அந்த ஆளின் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பெட்டி தரையில் போகிறது, கப்பலில் போகிறது, விமானத்தில் போகிறது. நமக்கும் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கும் தெரிவதெல்லாம் சத்தம் மட்டுமே. கடைசியில் பெட்டி திறக்கும் இடம் லண்டன் அலுவலகம்.

அங்கே இரண்டு பேர். ஒருவர் கர்னல். இன்னொருவர் ஃபாதரிங்கே, இவனுடைய பழைய நண்பர். கர்னல் உடனே கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டாய், மாதக் கணக்கில் காணாமல் போனாய், இப்போது இரும்புத் திரைக்கு (சோவியத் அணி நாடுகளைப் பிரித்த எல்லைக்கு) அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணோடு வருகிறாய், நீ எந்தப் பக்கம் என்று நான் எப்படி நம்புவது என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். அன்றைய பிரிட்டனில் அது நியாயமான கேள்வி. சோவியத்துக்கு ரகசியமாக உளவு பார்த்த கிம் ஃபில்பி 1963-இல் மாஸ்கோவுக்கு ஓடியிருந்தார். உளவுத் துறையின் உள்ளேயே இருந்த ஆள், நண்பர்களால் நம்பப்பட்டவர். சோவியத்துக்கு உளவு சொன்ன குற்றத்துக்காக 42 ஆண்டு தண்டனை பெற்றிருந்த ஜார்ஜ் பிளேக், 1966 அக்டோபர் 22 அன்று லண்டன் சிறைச் சுவரைத் தாண்டிக் குதித்துத் தப்பினார். அந்த நாட்களில் 'தி பிரிசனர்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. சில வாரங்கள் ஒளிந்திருந்துவிட்டு, வேன் ஒன்றின் மறைவிடத்துக்குள் பதுங்கிக் கிழக்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டிக்குள் ஒளிந்து இரும்புத் திரையைத் தாண்டும் பயணம் அன்றைய செய்தித்தாள் வாசகர்களுக்குக் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்காது. திசை மட்டும்தான் வேறு.

ஆகவே, பழைய சகாக்களின் சந்தேகத்தைப் போக்க ஆறாம் எண்ணுக்கு ஒரே வழி, ராஜினாமாவின் காரணத்தைச் சொல்வது. சொல்வதற்கு முன் நதியாவுக்குப் பாதுகாப்பு தருவதாக உறுதி கேட்கிறான். இரண்டாவது முறையும் அதே தூண்டில். உறுதி கிடைக்கிறது. வாய் திறக்கிறான். மணி அடிக்கிறது.

இப்போது அந்த மணிக்கணக்கு. கடிகாரம் கொடுத்த ஆள் போலந்துக்காரன் என்று சொல்லப்பட்டவன். போலந்து மத்திய ஐரோப்பிய நேரத்தில் இயங்கும் நாடு, லண்டனின் கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி முன்னால். பிக் பென் எட்டு அடிக்கும்போது போலந்துக் கடிகாரம் ஒன்பது காட்ட வேண்டும். வழியில் இவன் முள்ளைத் திருப்பவில்லை. அப்படியானால் கடிகாரம் கொடுத்தவன் போலந்தில் இல்லை, அல்லது இந்த அறை லண்டனில் இல்லை. ஆறாம் எண் அறையைக் குடைகிறான். மறைவாக வைத்திருக்கும் ஒலிநாடாக் கருவி கையில் சிக்குகிறது. நிறுத்தியதும் லண்டன் மொத்தமும் நிசப்தமாகிறது. கதவைத் திறந்து வெளியே நடக்கிறான். கிராமம்.

எத்தனை பேர் உழைத்த ஏமாற்று இது! விமானச் சத்தம் முதல் கர்னலின் கோபம்வரை எல்லாவற்றையும் திட்டமிட்டவர்கள், அவனுடைய கடிகாரத்துக்குள் தண்ணீர் புகும் என்று நினைக்கவில்லை. கேட்டதும் கழற்றிக் கொடுத்த ஆளும், நாம் போலந்தில் இருப்பதாக நடிக்கிறோமே, முள் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. ஒத்திகை பார்க்காத ஒரே பொருள் அந்தக் கடிகாரம்தான்.

இதைப் பார்த்து ரசித்துவிட்டு நேரக் கணக்கைச் சரிபார்க்கப் போனபோதுதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. லண்டனுக்கும் போலந்துக்கும் ஒரு மணி வித்தியாசம் என்பது 1967-இல் ஆண்டு முழுக்க உண்மையாக இல்லை. பிரிட்டன் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும். அந்த ஆண்டு மார்ச் 19-இல் தள்ளி அக்டோபர் 29-இல் பழையபடி திருப்பினார்கள். போலந்தோ 1964-க்குப் பிறகு கோடை நேரத்தைக் கைவிட்டிருந்தது, 1977-இல்தான் மறுபடி கொண்டுவந்தது. அதாவது பிரிட்டனின் கோடையில் இரண்டு நாட்டுக்கும் ஒரே மணி. இந்தப் பகுதி ஒளிபரப்பான அக்டோபர் 6 அன்று லண்டனில் எட்டு என்றால் வார்சாவிலும் எட்டு. குளிர்காலத்தில் நடந்த கதை என்று வைத்துக்கொண்டால் துப்பு சரிதான். ஆனால் நதியா நீந்தும் அந்தக் கடற்கரையைப் பார்த்தால் குளிர்காலம் போல் தெரியவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். தொடரின் கடைசிப் பகுதி 1968 பிப்ரவரி தொடக்கத்தில் ஒளிபரப்பானது. அதே மாதம் 18-ஆம் தேதி பிரிட்டன் கடிகாரத்தை முன்னால் தள்ளியது, அந்தக் குளிர்காலம் வந்தபோது திருப்பவில்லை. ஆண்டு முழுக்கக் கிரீன்விச்சைவிட ஒரு மணி முன்னால் இருந்து பார்ப்போம் என்ற சோதனை அது. குளிர்காலக் காலைகள் இருட்டாகவே இருக்கின்றன என்று எதிர்ப்பு கிளம்பி, 1971 அக்டோபர் 31-இல் கைவிட்டார்கள். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் லண்டனிலும் வார்சாவிலும் எந்த மாதம் பார்த்தாலும் ஒரே மணி. அந்தக் காலத்தில் ஆறாம் எண் இந்தச் சதியில் மாட்டியிருந்தால் கடிகாரம் அவனைக் காப்பாற்றியிருக்காது. இன்று இரண்டு நாடுகளும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுகின்றன. எனவே ஒரு மணி வித்தியாசம் ஆண்டு முழுக்க நிலைக்கிறது. முதல் ஒளிபரப்பின்போது இருந்ததைவிட இப்போதுதான் இந்தத் துப்பு சரியாக வேலை செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. அன்றைய லிதுவேனியா மாஸ்கோ நேரத்தில் இயங்கியது. போலந்தைவிட அது இரண்டு மணி முன்னால். தான் லிதுவேனியாவிலிருந்து போலந்துக்கு வருவதாக நம்பும் ஒற்றன், கடிகாரத்தைக் கட்டும்போதே நேரம் பொருந்துகிறதா என்று பார்த்திருக்கலாம். ஆனால் தப்பி வந்தவனுக்கு அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவு இருக்குமா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த ஓட்டையால் பகுதியின் மதிப்பு குறைகிறதா? எனக்குக் குறையவில்லை. காரணம், அந்தக் காட்சி கணக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. எந்த மணி அவனை எழுப்புகிறது என்று பாருங்கள். 1923-இன் கடைசி இரவு, புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் பிபிசி முதன்முதலாக பிக் பென் ஓசையை வானொலியில் ஒலிபரப்பியது. 1940 நவம்பரிலிருந்து போர் முடியும்வரை, இரவு ஒன்பது மணிக்கு அந்த ஓசை கேட்கும்போது நாடு முழுக்க ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள், போருக்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பிரார்த்திப்பார்கள். 1967-இல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது மணியோசை மட்டும் இல்லை. வீடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும் குரல். கிராமத்துக்காரர்கள் ஒலிநாடாவில் அதைச் சேர்த்ததும் அதற்காகத்தான். அவன் வீடு வந்து சேர்ந்துவிட்டதாக நம்ப வேண்டும். வண்டி இரைச்சலோடு விட்டிருந்தால் அவன் சொல்லி முடித்திருப்பான். நம்பிக்கையை இன்னும் ஒரு படி கூட்டப் போய்த்தான் கெட்டது.

அமெரிக்காவில் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடர் இதற்கு ஓராண்டு முன்பே, 1966 அக்டோபரில், 'ஆபரேஷன் ரோகோஷ்' என்ற பகுதியில் இதே உத்தியைப் பயன்படுத்தியிருந்தது. எதிரி நாட்டு ஆள் ஒருவனைப் பிடித்து, மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டதாகவும் தன் நாட்டுச் சிறையில் இருப்பதாகவும் நம்பவைத்து, நோய்க்கிருமிகளை எங்கே வைத்தான் என்று கறப்பார்கள். அங்கே போலி அறையைக் கட்டுபவர்கள் நாயகர்கள். நாம் அவர்களோடு நின்று, மாட்டுவானா மாட்டுவானா என்று ஆவலோடு பார்க்கிறோம். இங்கே நாம் அறைக்குள் இருக்கிறோம். பெட்டியின் இருட்டில் அவனோடு அடைந்து வந்தவர்கள் நாமும்தான். இரண்டாவது வாரத்திலேயே நாயகன் தப்பிவிட்டால் தொடர் என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியும். தப்புவானா என்பதில் பதைப்பு இல்லை. சொல்லிவிடுவானோ என்பதில்தான் இருக்கிறது. லண்டன் காட்சி நீள நீள நாம் பயப்படுவது அதற்குத்தான்.

கடைசி நிமிடங்கள் மிக அமைதியாக எடுக்கப்பட்டிருக்கின்றன. கிராமத்துக்குள் மறுபடி நடந்து வருபவன், இரண்டாம் எண்ணின் அருகே நதியா நிற்பதைப் பார்க்கிறான். சத்தம் போடவில்லை. குற்றம் சாட்டவில்லை. அந்த ஊரின் வழக்கமான விடைபெறும் வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டை நோக்கிப் போகிறான். நதியா நன்றாக உழைத்தாள் என்று தன் அறிக்கையில் எழுதுவதாக இரண்டாம் எண் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார். ஓர் அலுவலகத்தில் திட்டம் ஒன்று கைகூடாதபோது பேசிக்கொள்வது போலவே இருக்கிறது.

அப்புறம் அவர் ஃபாதரிங்கே பக்கம் திரும்பி, சங்கடமான கேள்விகள் எழுவதற்கு முன் நீ லண்டனுக்குத் திரும்பிப் போவது நல்லது என்கிறார். வேகமாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் வரி இது. அறை போலி, ஓசை போலி, நதியா போலி. ஆனால் ஃபாதரிங்கே போலி இல்லை. அவர் நிஜமாகவே லண்டனில், அவனுடைய பழைய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நாளைக் காலை அங்கே போய் நாற்காலியில் உட்காரப்போகிறவர். இன்வர்லேர் மாளிகையை நடத்தியது யார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கர்னலுக்கு எவ்வளவு தெரியும், அந்த அலுவலகத்தில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை இந்தப் பகுதி சொல்லவில்லை. ஆறாம் எண் ஒருநாள் உண்மையிலேயே தப்பி, உண்மையான லண்டனுக்குப் போய், உண்மையான பிக் பென் அடிக்கக் கேட்டாலும், அவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போவது இதே ஆட்கள்தான்.

ரொம்ப காலமாகவே என்று அவன் தொடங்கிய வாக்கியத்தை அதற்குப் பிறகு வந்த 15 பகுதிகளிலும் அவன் முடிக்கவில்லை.